குழியைப் பத்தி யாரும் பேசறதில்லீங்க

சித்திரை பொறந்து ரெண்டு கோடை மழை பேஞ்சா போதும், வாட்ஸ்அப்புல அந்தச் செய்தி வந்துரும். கோபுரக் கலசத்துல வரகு வெச்ச நம்ம முன்னோர்கள் பெரிய விஞ்ஞானிகள், கலசம்தான் ஊருக்கே இடிதாங்கி, கோபுரம் எவ்வளவு உசரமோ அவ்வளவு தூரத்துக்கு இடி விழாது, பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா கும்பாபிஷேகம் பண்ணித் தானியத்தை மாத்தறதே அதுக்குத்தான்னு நீளமாப் போகும். அனுப்பறவங்க பெரும்பாலும் கோயமுத்தூர்லயோ சென்னையிலயோ பத்தாவது மாடியில குடியிருக்கற நம்ம சொந்தக்காரங்க. அவங்க அடுக்குமாடியோட உச்சியில ஒரு கம்பி இருக்கும். அதுல இருந்து சுவத்தை ஒட்டி ஒரு உலோகப் பட்டை இறங்கும். பட்டை போய்ச் சேர்ற இடத்துல மூடி போட்ட ஒரு குழி இருக்கும். கட்டினவர் எப்பவோ வெச்சுட்டுப் போயிருப்பார், குடியிருக்கறவங்க கண்ணுக்கே பட்டிருக்காது. ஆக, அந்தச் செய்தியை நம்பறதால அவங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. இங்கே அந்தியூர்ல, ஓடு போட்ட சாளையில படுத்துக்கிட்டு, வேப்ப மரத்தடியில மாட்டைக் கட்டியிருக்கறவன் நம்புனாத்தான் வினை.

முன்னோர்களைக் குறை சொல்ல இதை எழுதலை. ஆயிரம் வருசம் நிக்கற கோபுரத்தைக் கட்டுன ஆளுங்களுக்கு மூளை இல்லைன்னு சொல்றதுக்கு நான் யாரு? ஆனா கலசம் செம்பு. அதுக்குக் கீழே செங்கல், சுண்ணாம்பு, சுதை. செம்புக்கும் மண்ணுக்கும் நடுவுல உலோக வழி ஒண்ணும் கிடையாது. உசரத்துல இருக்கறதால கலசம் மின்னலை வாங்கிரும், அது நிசம். வாங்குனதை எங்கே கொண்டுபோய் விடும்? ஈரம் ஏறுன செங்கல் வழியா இறங்கும். அந்த ஈரம் ஒரு நொடியில ஆவியாகி விரியும், செங்கல் வெடிக்கும், சுதைப் பொம்மை உடைஞ்சு விழும். கோபுரத்துல இடி விழுந்து சிற்பம் சேதம்னு அப்பப்போ பேப்பர்ல பார்க்கறோமே, அது இதுதான். உள்ளே இருக்கற வரகுக்கு இதுல ஒரு வேலையும் இல்லை. பஞ்சம் வந்தா விதைக்கு ஆகும்னு வெச்சிருப்பாங்கன்னு எங்க அப்பாரு சொல்லுவாரு. அந்தக் காரணமே எனக்குப் போதுமானதாத் தெரியுது.

இடிதாங்கின்னு நாம வெச்ச பேரு நல்ல பேரு, ஆனா கொஞ்சம் ஏமாத்தற பேரு. தாங்கறது அதோட வேலை இல்லை, கடத்தறதுதான் வேலை. மேகத்தோட அடிப்பக்கம் எதிர் மின்னூட்டம் சேர்ந்து, காத்தைக் கிழிச்சுக்கிட்டு அம்பது மீட்டர் அம்பது மீட்டரா எட்டு வெச்சு இறங்கும். கிட்ட வந்ததும் தரையில உசரமா இருக்கற மரம், கம்பம், கோபுரம், சில நேரம் மனுசன் தலை, இதுகள்ல இருந்து மேல்நோக்கி ஒரு கீத்து கிளம்பும். ரெண்டும் எங்கே தொட்டுக்குதோ அங்கே அடி. சாதாரண மின்னல்லயே சுமார் 30,000 ஆம்பியர் ஓடும். நம்ம வீட்டுல கிரைண்டர் போடற பெரிய பிளக்கு 15 ஆம்பியருக்கு. அவ்வளவு மின்சாரத்தைத் தடுத்து நிறுத்த யாராலும் ஆகாது. போறதுக்கு ஒரு நல்ல வழி போட்டுக் கொடுக்கத்தான் முடியும். உச்சியில கம்பி, நடுவுல பட்டை, அடியில குழி. மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் மத்த ரெண்டும் ஆபத்து.

இதுக்குச் சாட்சி பழசு. பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்ட கதை எல்லாருக்கும் தெரியும், 1752. அடுத்த வருசமே ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துல ரிச்மன்னுன்னு ஒரு விஞ்ஞானி, மேகத்து மின்சாரத்தை அளக்கறதுக்காகக் கூரை மேல கம்பி நட்டு வீட்டுக்குள்ள இருக்கற கருவிக்குக் கொண்டுவந்தார். மண்ணுக்கு இணைக்கலை. இணைச்சா அளக்க முடியாதே! 1753 ஆகஸ்ட்டுல இடி மழை வந்தப்போ கருவிகிட்டப் போனார், அங்கேயே செத்தார். கம்பி அதே கம்பிதான். பிராங்க்ளின் சொன்ன மாதிரி மண்ணுக்குள்ள இறக்குனா வீட்டைக் காப்பாத்தும், நடுவீட்டுல நிறுத்துனா ஆளைக் கொல்லும். இதுக்கப்புறம் இங்கிலாந்துல ஒரு பெரிய சண்டை நடந்துச்சு பாருங்க, கம்பி நுனி கூரா இருக்கணுமா மொட்டையா இருக்கணுமான்னு. மூணாம் ஜார்ஜ் ராசாவே மொட்டைக் கட்சி. இன்னைக்கும் நம்மாளுங்க அதே மாதிரி நுனியைத்தான் பார்க்கறாங்க.

நம்மூருல மட்டும்தான் மூடநம்பிக்கைன்னு நினைக்க வேண்டாம். அங்கே ஐரோப்பாவுல இடி இடிச்சா சர்ச் கோபுரத்துல ஏறி மணி அடிப்பாங்க, சத்தத்துக்கு மின்னல் ஓடிரும்னு. 1784ல மியூனிக்ல வந்த ஒரு புத்தகம் கணக்குப் போட்டுச் சொல்லுச்சு: 33 வருசத்துல 386 கோபுரத்துல இடி விழுந்து, மணி அடிச்ச 103 பேர் செத்திருக்காங்க. ஈரக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஊரிலேயே உசரமான இடத்துக்கு அடியில நின்னா வேற என்ன ஆகும்? நாம "அர்ச்சுனா அர்ச்சுனா"ன்னு வீட்டுக்குள்ள உக்காந்து சொன்னோம். அந்த வகையில நம்ம ஆளுங்க கெட்டிக்காரங்க.

இப்போ நுனி மோகம் வேற ரூபத்துல வந்திருக்கு. பள்ளிக்கூடம், கோயில், கல்யாண மண்டபம்னு எங்கே பார்த்தாலும் உருண்டையும் தட்டும் வெச்ச பளபளப்பான கம்பி. மின்னல் வர்றதுக்கு முன்னாடியே இது முந்திக்கிட்டு இழுத்துரும், நூறு மீட்டர் சுத்தளவுக்குப் பாதுகாப்புன்னு சொல்லி விக்கறாங்க. உலக அளவுல ஏத்துக்கிட்ட, நம்ம நாடும் எடுத்துக்கிட்ட ஐஇசி 62305 தரத்துல இந்த முந்தற வித்தைக்கு தனி மதிப்பெண் கிடையாது. சாதாரணக் கம்பிக்கு உசரத்தையும் இடத்தையும் வெச்சு எவ்வளவு பாதுகாப்போ அதேதான் இதுக்கும். அந்தக் காசுல கட்டடத்தோட நாலு மூலைக்கும் பட்டை இறக்கி நாலு குழி வெட்டிரலாம். ஆனா குழியில உபயதாரர் பேரு எழுத முடியாது. என்னோட சந்தேகம், பிரச்னையே அங்கேதான் இருக்கு.

இடியை விட்டுத் தள்ளுங்க, அது வருசத்துக்கு சில நாள். மோட்டார் ரூமுக்கு தினமும் போகணும். 1932ல பைகாரா கரண்ட் வந்ததுல இருந்து கோயமுத்தூர்ச் சீமை மோட்டாரை நம்பித்தான் வெள்ளாமை பண்ணுது. தொண்ணூறு வருசமாச்சு. இன்னைக்கும் பத்துத் தோட்டத்துக்குள்ள போய் எர்த் குழி எங்கேன்னு கேளுங்க. சில பேரு செவுத்தோரமா நட்ட ஒரு முழக் கம்பியைக் காட்டுவாங்க. சில பேரு "அந்தப் பக்கம் இருக்குமுங்க"ன்னு கையை நீட்டுவாங்க.

ஒயர்மேன் ஒரு சோதனை காட்டுவார். ஒரு பல்பை எடுத்து ஒரு முனையைக் கரண்டுலயும் மறுமுனையை எர்த்துலயும் வெப்பார். பளிச்சுன்னு எரியும். "எர்த் நல்லா இருக்குதுங்க"ன்னு போயிருவார். இந்தச் சோதனையை நம்பாதீங்க. கணக்கு சின்னதுதான், பொறுமையாப் பாருங்க. 100 வாட் பல்பு இழுக்கறது அரை ஆம்பியர்கூட இல்லை. உங்க எர்த்தோட தடை 50 ஓம்னு வெச்சுக்குவோம், ரொம்ப மோசமான எர்த். அதுலகூட பல்புக்கு 20 வோல்ட்தான் குறையும், பல்பு ஜம்முன்னு எரியும். ஆனா மோட்டார் காயில் தேய்ஞ்சு பாடியில கரண்ட் இறங்குச்சுன்னா என்ன ஆகும்? 230ஐ 50ஆல வகுத்தா அஞ்சு ஆம்பியர்கூட வராது. அஞ்சு எச்பி மோட்டார் ஒழுங்கா ஓடறப்பவே ஏழெட்டு ஆம்பியர் இழுக்குது, பீஸ் கட்டையில அதுக்கு மேல தாங்கற கம்பிதான் போட்டிருப்போம். அஞ்சு ஆம்பியருக்கு பீஸ் போகாது. மோட்டாரும் ஓடிக்கிட்டே இருக்கும், தண்ணியும் வரும், பாடியில மட்டும் கரண்ட் காத்துக்கிட்டு இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி மாத்திட்டு ஈரக்காலோட வந்து ஸ்டார்ட்டரைத் தொடறவன் தான் அப்போ எர்த்.

முன்னெல்லாம் நமக்குத் தெரியாமலே ஒரு காப்பு இருந்துச்சு. கிணத்துக்குள்ள இரும்புப் பைப்பு இறங்கி தண்ணிக்குள்ள நிக்கும். மோட்டாரும் பைப்பும் ஒட்டுன உலோகம், அதுவே அருமையான எர்த். இப்போ எல்லாம் பிவிசி, எச்டிபிஇ. பைப்பு துரு பிடிக்காது, விலை குறைச்சல், எல்லாம் சரி. ஆனா இனாமா இருந்த எர்த் போச்சு. போனதை யாரும் கவனிக்கவே இல்லை. நகரத்துலயும் இதே கதைதான், உங்க வீட்டுக் குளியலறைத் தண்ணிக் குழாயும் இன்னைக்குப் பிளாஸ்டிக்குதான், கீசரைக் காப்பாத்தறது பிளக்குல இருக்கற அந்த மூணாவது பின் மட்டும்தான். அது மத்த ரெண்டையும்விட ஏன் நீளம்னு யோசிச்சிருக்கீங்களா? செருகறப்போ முதல்ல தொட்டு, பிடுங்கறப்போ கடைசியா விடணும். அதைத்தான் நாம ரெண்டு பின் பிளக்கா வெட்டிப் பயன்படுத்தறோம்.

இன்னொரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிடறேன், தோட்டக்காரங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. மோட்டார் ரூமுல ஒரு லைட் எரிய விட, ஒரு பேஸை எடுத்து மறுமுனையை எர்த்துல கட்டறது. நியூட்ரலுக்குப் பதிலா பூமி. லைட் எரியும். ஆனா அந்த எர்த் கம்பியிலயும் அதைச் சுத்தியிருக்கற மண்ணுலயும் எந்நேரமும் கரண்ட் ஓடும். கம்பி இணைப்பு எங்காவது விட்டுப்போச்சுன்னா, எர்த்துன்னு நினைச்சுத் தொடற அந்தக் கம்பியே 230 வோல்ட்டுல நிக்கும். காப்பாத்த வெச்ச கம்பியையே கண்ணியா மாத்தறது இது.

சரி, நல்ல குழி எப்படி இருக்கும்? இந்தியத் தரம் ஐஎஸ் 3043 சொல்றது இதுதான்: ஒண்ணரை அங்குலத்துக்குக் குறையாத ஜிஐ பைப்பு, ரெண்டரை மீட்டர் நீளம், செங்குத்தா மண்ணுக்குள்ள. சுத்தி உப்பும் கரியும் போடறது நம்ம ஊர் வழக்கம். உப்பு மழையில கரைஞ்சு போயிரும், பைப்பையும் அரிக்கும். இப்போ பெண்டோனைட் களிமண் கிடைக்குது, ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். இதுல நம்ம கொங்கு மண்ணுக்குன்னு தனிச் சிக்கல் ஒண்ணு இருக்கு. ஆத்தோரம் போனா வண்டல், இறங்குனதும் ஈரம். பர்கூர் மலை அடிவாரம், வறட்டுப்பள்ளம் பக்கம் வந்தா செம்மண்ணு, சரளை, நாலடிக்குக் கீழே பாறை. ஐப்பசியில அளந்தா அருமையா இருக்கற குழி, சித்திரையில காஞ்சு செத்துப் போயிருக்கும். இடி வர்றது எப்போ? அதே சித்திரை, வைகாசியில, காஞ்ச மண்ணு மேலதான். பைப்போட மேல்வாயில ஒரு புனல் வெச்சிருப்பாங்களே, அது அலங்காரத்துக்கு இல்லை. வாரத்துக்கு ரெண்டு குடம் ஊத்தறதுக்கு. இடிதாங்கிக்கு தடை பத்து ஓமுக்குள்ள இருக்கறது நல்லது. அதைக் கருவி வெச்சு அளக்கச் சொல்லுங்க, பல்பு வெச்சு இல்லை. பட்டைக்குச் செம்புதான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க. அடுத்த அமாவாசைக்குள்ள வெட்டிட்டுப் போயி எடைக்குப் போட்டுருவாங்க. ஜிஐ பட்டை தரத்துலயே அனுமதிச்சதுதான், திருடுறவன் சீண்ட மாட்டான். வளைவு இல்லாம நேரா இறக்குங்க. சடார்னு திருப்புனா மின்னல் திரும்பாது, பக்கத்துல இருக்கற ஜன்னல் கம்பிக்குத் தாவும்.

குழியோட கூடவே கசிவு பிடிக்கற பிரேக்கர் ஒண்ணு வேணும், ஆர்சிசிபின்னு கேட்டாத் தருவாங்க. 30 மில்லி ஆம்பியர் வழி தவறிப் போனாலே கண் இமைக்கறதுக்குள்ள வெட்டிரும். மேலே சொன்ன மோசமான 50 ஓம் எர்த்துலகூட இது வேலை செய்யும். சில ஆயிரம் ரூபாய் ஆகும். பழைய ஒயர்ல கசிவு இருந்தா அடிக்கடி விழும், அப்போ ஒயரை மாத்தணும். எங்க பக்கம் பிரேக்கரைக் கழட்டி நேராக் கொடுத்துடறாங்க.

மாட்டு விசயத்துக்கு வர்றேன். மரத்தடியில இடி விழுந்து நாலு மாடு செத்துச்சு, பக்கத்துல நின்ன மேய்க்கற பையன் பொழைச்சான்னு கேள்விப்பட்டா சாமி புண்ணியம்னு சொல்லுவோம். காரணம் காலுதாங்க. மரத்துல விழுந்த மின்னல் வேரோட மண்ணுக்குள்ள பரவறப்போ, கிட்ட வோல்ட் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைச்சல். மாட்டோட முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல அஞ்சடி. அந்த அஞ்சடி வித்தியாசம் ஒரு கால்ல ஏறி நெஞ்சு வழியாப் போயி இன்னொரு கால்ல இறங்கும். மனுசன் ரெண்டு காலையும் சேர்த்து வெச்சு நின்னா வித்தியாசம் அரையடிதான். 2016 ஆகஸ்ட்டுல நார்வே மலையில ஒரே இடியில 323 கலைமான் செத்துச்சு, எல்லாம் நெருக்கியடிச்சு நின்ன மந்தை. நம்ம செம்மறியும் மழை வந்தா அப்படித்தான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு தலையை விட்டுக்கிட்டு நிக்கும். அதனால கொரங்காட்டுல இருக்கற ஒத்தை வேல மரத்தடி மேய்ச்சலுக்கு நிழல், இடிக்கு எமன். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல மூணு எண்ணுனா ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணறதுக்குள்ள சத்தம் வந்துச்சுன்னா பட்டியைத் தாழ்வான இடத்துக்கு ஓட்டணும், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் பொறுக்கணும். புனே வானிலை ஆய்வு நிறுவனத்தோட தாமினி செயலி இருக்கு, சுத்துவட்டாரத்துல மின்னல் அடிக்கறதைக் காட்டும்.

பனை நட்டா இடி வராதுன்னு ஒரு பேச்சு உண்டு. வங்கதேசத்துல 2016ல இடிச் சாவு அதிகமாகி, அடுத்த வருசம் பத்து லட்சம் பனை நடறதா அறிவிச்சாங்க. ஒடிசாவுலயும் அந்த யோசனை வந்துச்சு. நான் பனைக்கு விரோதி இல்லை, எங்க வரப்புல நிக்குது. பனை உசரத்தால இடியை வாங்கும், ஆனா அது பட்டையும் இல்லை குழியும் இல்லை. மரத்தைவிட மனுச உடம்பு நல்ல கடத்தி. அடியில ஒதுங்குனா பாதி தூரம் மரத்துல வந்துட்டு மீதி தூரத்துக்கு நம்ம மேல தாவிக்கும். காட்டுக்கு நடுவுல நிக்கட்டும், களத்து ஓரமா வேண்டாம்.

இதே சங்கதி சின்ன அளவுல பெட்ரோல் பங்க்ல நடக்குது. டேங்கர் வந்ததும் குழாயை மாட்டறதுக்கு முன்னாடி ஒரு கம்பியைக் கவ்வ விடுவாங்க, பார்த்திருப்பீங்க. ஓடி வந்ததுலயும் எண்ணெய் உரசறதுலயும் சேர்ந்த நிலை மின்சாரம் பொறியா வெடிக்காம மண்ணுக்குப் போறதுக்கு. நாமளோ பவர் ஸ்பிரேயருக்கு வேணும்னு கேனை பைக் சீட்டு மேல வெச்சே பெட்ரோல் பிடிக்கறோம். தரையில வெச்சுப் பிடிங்க.

2022ல மட்டும் இந்தியாவுல இடி விழுந்து செத்தவங்க 2,887 பேர்னு தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்லுது. பெரும்பாலும் காட்டுல வேலை செஞ்சவங்க. செத்தா அரசு நாலு லட்சம் தருது. கறவை மாடு செத்தா 37,500 ரூபாய், ஆடு செத்தா 4,000. தர்றதை வேண்டாம்னு சொல்லலை. ஆனா விவசாயக் கரண்ட் இணைப்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஒழுங்கான எர்த் குழியும் ஒரு பிரேக்கரும் மானியத்துல கொடுத்தா என்னன்னு கேக்கறேன். சொட்டு நீருக்குக் கொடுக்கறாங்க, பண்ணைக் குட்டைக்குக் கொடுக்கறாங்க, கரண்டையே இனாமாக் கொடுக்கறாங்க. நூறு நாள் வேலையில ஊருக்குப் பத்துக் குழி வெட்ட முடியாதா? வருசத்துக்கு ஒருக்கா சித்திரைக்கு முன்னாடி கருவியோட ஒருத்தர் வந்து பள்ளிக்கூடம், அங்கன்வாடி, தண்ணித் தொட்டி, கோயில்னு அளந்து, செவுத்துல ஓம் எவ்வளவுன்னு தேதியோட எழுதிட்டுப் போகட்டும்.

ஆடி வருது. புதுப்பாளையம் குருநாதசாமி திருவிழாவுக்குக் குதிரையும் மாடும் பாக்க நகரத்துல இருந்து நீங்களும் வருவீங்க. ஈரத் தரை, தகரக் கொட்டாய், இரும்புக் கம்பத்துல சீரியல் லைட், சுத்தி ஆயிரக்கணக்குல சனமும் கால்நடையும். இந்த மாதிரி எடத்துல கடைக்கு லைன் கொடுக்கறப்பவே கம்பத்துக்கு ஒரு எர்த் கம்பி, லைனுக்கு ஒரு பிரேக்கர்னு கட்டாயமா இருக்கணும். ராட்டினத்துல புள்ளையை ஏத்தி விடறதுக்கு முன்னாடி, "எர்த் எங்கீங்க போட்டிருக்கீங்க?"ன்னு கேளுங்க. நாங்க கேட்டா "உனக்கு என்னய்யா"ம்பாங்க, பேண்ட் போட்டு வந்த நீங்க கேட்டா எடுத்துக் காட்டுவாங்க.